ஞாயிற்றுக்கிழமை மண்டகப்படி

என் பேத்தி முதல் இரண்டு ஆட்டங்களில் மொத்தம் இருபத்து மூன்று நிமிடம் ஆடினாள். முதல் ஆட்டத்தில் ஒன்பது, இரண்டாவதில் பதினான்கு. அதற்கு நாங்கள் கட்டியிருந்த பணம் நாலாயிரம். வகுத்தால் நிமிடத்துக்கு நூற்று எழுபத்து மூன்று ரூபாய் தொண்ணூற்றொரு பைசா. இதை ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை மாலை கோச்சைப் பார்க்கப் போனேன்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் முப்பத்தோரு வருடம் எடைமேடை கிளார்க்காக இருந்தவன் நான். சுண்ணாம்புக்கல் லாரி மேடையில் ஏறி நிற்கும். எடை நிலைத்ததும் எழுதுவேன். வெறும் வண்டியாகத் திரும்பும்போது இன்னொரு தடவை எழுதுவேன். ஓய்வுபெற்று, பெரம்பலூரில் மகள் வீட்டுக்கு வந்து ஆறு வருடமாகிறது. லாரி இல்லாததால் மற்றதை எண்ணிக்கொண்டிருக்கிறேன். மாடிப்படி பதினெட்டு. தெருவிளக்கு பதினொன்று, எரிவது எட்டு. "யப்பா, இட்லியையாவது எண்ணாம இருப்பா, புள்ளைங்க பயந்துகிட்டு ரெண்டோட எந்திரிச்சிருதுங்க" என்று மகள் சொல்வாள்.

பேத்திக்குப் பன்னிரண்டு வயது. பதிமூன்று வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணியில் பதினான்கு பேரில் ஒருத்தி. திருச்சியில் தனியார் நடத்தும் லீக்கில் இந்த அணியைச் சேர்த்திருந்தார்கள். எட்டு ஞாயிறு, எட்டு ஆட்டம். ஆட்டம் ஒன்றுக்கு ஐம்பது நிமிடம். கட்டணம் தலைக்கு ஏழாயிரத்து இருநூறு. அதில் நாலாயிரம் முதலில், மூவாயிரத்து இருநூறு மூன்றாவது ஞாயிறன்று வேனில் ஏறும்போது. அந்தக் காலத்தில் பந்து விளையாட ஒரு பந்து இருந்தால் போதும் என்றேன். மகள் காதில் வாங்கவில்லை.

கோச் இருபத்தேழு வயதுப் பையன். பகலில் ஒரு பள்ளியில் பி.டி. சார். மாலையில் சம்பளமில்லாமல் இந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். என் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"இது என்னங்கய்யா?"

"கணக்கு. நீங்களே பாருங்க."

"சரிதாங்க." சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "நம்ம கோல்கீப்பர் புள்ள நூறு நிமிஷமும் நின்னிருக்கா. அவளுக்கு நிமிஷம் நாப்பது ரூவாதான் ஆவுது. அவங்கம்மாகிட்ட கொஞ்சம் ஏத்தி வாங்கிடலாமுங்களா?"

"பேச்ச மாத்தாதீங்க தம்பி."

"மாத்தலீங்க. ஒங்க பேத்தி நல்லா ஓடுறா. பந்து கிட்ட வந்தா கண்ண மூடிக்கிறா. அது சரியாச்சுன்னா நிமிஷம் தானா வரும்."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்தடி தள்ளி ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்த பேத்தி இதையெல்லாம் கேட்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கோல்கீப்பர் பெண் செட்டிகுளத்துக்காரி. ஞாயிறு காலை ஊரிலிருந்து பஸ் பிடித்துப் பாடாலூர் வந்து நிற்பாள். எங்கள் வேன் அங்கே அவளை ஏற்றிக்கொள்ளும். அணியில் அவள்தான் குட்டை. ஆனால் பந்து எங்கே வரும் என்று அடிக்கிறவளுக்கு முன்பே அவளுக்குத் தெரியும். முதல் இரண்டு ஆட்டத்தில் எதிரணிகள் கோலை நோக்கி அடித்த பந்து பத்தொன்பது. உள்ளே போனது ஒன்று.

மூன்றாவது ஞாயிறு அவள் பாடாலூரில் இல்லை. நான்கு நிமிடம் நின்றோம். கோச் அவள் அம்மாவின் போனுக்கு அடித்துப் பார்த்தார். எடுக்கவில்லை. வேன் கிளம்பியது.

வேறு கோல்கீப்பர் கிடையாது. யார் நிற்கிறீர்கள் என்று மைதானத்தில் கோச் கேட்டபோது பதின்மூன்று பேரில் ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. அது என் பேத்தியின் கை. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவள் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றாள். எட்டு கோல் விழுந்தது. எட்டையும் நான் எண்ணினேன். எதிர்ப்பக்கத்துப் பெற்றோர் ஐந்தாவது கோலுக்குப் பிறகு கைதட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அது தட்டியதைவிட மோசமாக இருந்தது.

திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

"தாத்தா, இன்னிக்கு முழுசா அம்பது நிமிஷம். கூட்டிக்க. அந்த நூத்தி எழுவத்திமூணு கொறஞ்சுருச்சா?"

நான் ஏற்கெனவே வகுத்துவைத்திருந்தேன். காலையில் கட்டிய இரண்டாம் தவணையையும் சேர்த்து, தொண்ணூற்றெட்டு ரூபாய் அறுபத்து மூன்று பைசா. "கொறஞ்சுருச்சு சாமி" என்று மட்டும் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிட்டாள்.

கோச் பாடாலூரில் இறங்கினார். பேத்தியை வீட்டில் விடச் சொல்லி டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு நானும் இறங்கினேன். இரண்டு பேரும் பஸ் ஏறிச் செட்டிகுளம் போனோம். அங்கே ஒரு வெங்காயப் பட்டறையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் அரிந்து கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கோல்கீப்பரின் அம்மாவும் அதில் ஒருவர். பக்கத்தில் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து அரிந்துகொண்டிருந்தாள். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. அரிந்த வெங்காயத்தைப் பார்க்காமலே கூடையில் வீசினாள். ஒன்றுகூட வெளியே விழவில்லை.

"மொத தவணையே காதுத் தோட்ட அடகு வச்சுக் கட்டுனது சார்" என்றார் அந்த அம்மா. "ரெண்டாவது இல்ல. கட்டாம எப்படி வண்டில ஏத்தி வுடுறது?"

"யக்கா, ஒங்களுக்கு எப்ப முடியுதோ அப்பக் குடுங்க. புள்ளைய அனுப்புங்க" என்றார் கோச்.

"வேணாங்க. ஓசில வர்ற புள்ளன்னு ஒரே ஒரு வாயி சொல்லிட்டாப் போதும். அப்புறம் அவ கை பந்தப் புடிக்காது."

"நான் கட்டுறேம்மா" என்றேன். எனக்கே அது எதிர்பாராத வார்த்தை.

"இந்தத் தவண நீங்க கட்டுவீங்க ஐயா. அடுத்த வருசம் யாரு கட்டுவா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தார். கோபமில்லை.

புதன்கிழமை மாலை மைதானத்தில் பெற்றோர் கூடினோம். விசாரித்தால், இரண்டாம் தவணை கட்ட முடியாத வீடு ஒன்றல்ல, ஐந்து. மற்ற நான்கு வீட்டிலும் அடுத்த வாரம் தருவதாகச் சொல்லிப் பிள்ளையை ஏற்றிவிட்டு, முடியாததை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

செட்டிகுளத்து வெங்காய வியாபாரி ஒருவர் வந்திருந்தார். அவர் தம்பி மகளும் அணியில் இருக்கிறாள். வசதியானவர், தாராளமானவர். எழுந்து நின்று, "நான் ஒரு கப்பு வாங்கித் தரேன். மூணடி கப்பு. பேரு போட்டு" என்றார். பைனான்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு தகப்பனார், தாம் ஏற்கெனவே ஒரு கோப்பைக்குச் சொல்லிவைத்துவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர் பிளக்ஸ் வைப்பதாகச் சொன்னார். ஊர் மைதானங்களில் போட்டி நடத்தியே பழகியவர்கள். கோப்பை உபயம், மைக்செட் உபயம் என்று பேர் போட்டுப் பழக்கம்.

"லீக்குல கப்பு அவங்களே குடுப்பாங்க சார். நாமளே தூக்கிட்டுப் போவ முடியாது" என்றார் கோச். "நமக்கு வேண்டியது டீசலு."

"டீசல்ல பேரு போட முடியாதுல்ல, அதான் யாரும் வாயத் தொறக்கல" என்றார் வேன் டிரைவர். அவர் கூட்டத்தில் சேரவில்லை. வேன் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "கோயில் திருழாவ ஒரே ஆளா நடத்துறான்? ஆளுக்கு ஒரு நாளு எடுத்துக்கல?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை.

தா.பழூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழா ஒன்பது நாள். ஒவ்வொரு நாள் செலவும் ஒரு தெருவுடையது, அல்லது ஒரு குடும்பத்துடையது. அதற்குப் பெயர் மண்டகப்படி. அந்த நாள் மரியாதை அவர்களுக்கு. அவர்கள் வந்த பிறகுதான் சாமி கிளம்பும். எங்கள் தெருவுக்கு நாள் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த தெருவுக்கு யார் நாள் கொடுப்பார்கள்? தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வருவோம். நான் வேலைக்குப் போய் ஏழாவது வருடம், பல பேச்சுக்குப் பிறகு, பத்தாவதாக ஒரு நாளைச் சேர்த்து எங்கள் தெருவுக்குக் கொடுத்தார்கள். அன்று என் அப்பா பகலெல்லாம் காரணமில்லாமல் கடைத்தெருவில் நடந்தார். யாரோ நிறுத்தி, "இன்னிக்கு யாரு மண்டகப்படி?" என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே நடந்தார் என்று நினைக்கிறேன். மூன்று பேர் கேட்டார்கள்.

நான் பேனாவை எடுத்தேன். ஒரு ஞாயிறுக்கு வேன் நாலாயிரத்து எண்ணூறு, சாப்பாடு ஆயிரத்து ஐந்நூறு, மைதானம், ரெஃபரி பங்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. மொத்தம் எட்டாயிரத்து எண்ணூறு. பாக்கி ஐந்து ஞாயிறு. ஐந்தையும் ஐந்து பேர் எடுத்துக்கொண்டால் இரண்டாம் தவணையே வேண்டாம். யாருக்கும் வேண்டாம், கட்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பதினான்கு பேரும் ஒன்றுதான்.

"என்னால கட்ட முடியுமுங்களே, எம் புள்ள ஏன் ஓசில போவணும்?" என்றார் பைனான்ஸ்காரர்.

"கட்ட முடியுறவங்க ஒரு நாள எடுங்க. அப்ப அது ஓசியில்ல, ஒங்க நாளு" என்றேன்.

வெங்காய வியாபாரி, "எனக்கு வர்ற வாரத்துக்கு அடுத்த வாரம்" என்றார். அவ்வளவுதான், கடைசி ஞாயிறு யாருக்கு என்று மூன்று பேர் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். பழைய செலவைச் சரிபார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. முதல் தவணையில் எண்ணூறு ரூபாய் பற்றாமல், கோச் தம் கையிலிருந்து போட்டிருந்தார். கேட்டதற்கு, "அத வுடுங்கய்யா" என்றார். நான் விடவில்லை. அவர் வேண்டாமென்றாலும் அன்றே வசூல் செய்து அவர் பையில் திணித்தோம்.

நான்காவது ஞாயிறை வேன் டிரைவரும் மூன்று டீக்கடைக்காரர்களும் எடுத்தார்கள். கோச் முன்பே விஷயத்தைச் சொல்லியிருந்தார். பாடாலூரில் கோல்கீப்பர் பெண் நின்றிருந்தாள். கூடவே அம்மா. வேனுக்குள் தலையை நீட்டி, "இன்னிக்கு யாரு நாளு?" என்று கேட்டார். டிரைவர் ஹாரன் அடித்து, "என் நாளு, ஏறச் சொல்லுங்க" என்றார். அன்று இரண்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். என் பேத்தி பன்னிரண்டு நிமிடம்.

ஐந்தாவது ஞாயிறில் நான் ஒரு தப்பு செய்தேன்.

அது வெங்காய வியாபாரியின் நாள். ஆட்டம் ஒன்பது மணிக்கு. வேன் ஏழு இருபதுக்குப் பாடாலூர் வந்துவிட்டது. அவர் வரவில்லை. போன் எடுக்கவில்லை. கோச் கிளம்பலாம் என்றார். பணம் கொடுத்தவரை விட்டுவிட்டுப் போவதா? "மண்டகப்படிக்காரர் வராம சாமி கெளம்புமா?" என்றேன். வேனில் கூட வந்த பெற்றோர் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. ஆயுளெல்லாம் அப்படிக் காத்திருந்தே பழகியவர்கள். நாற்பத்து மூன்று நிமிடம் நின்றோம்.

வியாபாரி காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு புதுப்பந்து. அதற்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு முழம் கதம்பம். செட்டிகுளம் மலைக்கோயிலில் பந்துக்கு அர்ச்சனை செய்து எடுத்து வந்திருக்கிறார். "முட்டி வலி சார். படி ஏறி எறங்க நேரமாயிருச்சு" என்றார்.

பதினைந்து நிமிடம் தாமதமானால் ஆடாமலே தோற்றதாக எழுதிவிடுவார்கள் என்று கோச் அப்போதுதான் சொன்னார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னேங்க. நீங்கதான் சாமி சாமின்னுகிட்டு இருந்தீங்க" என்றார். சமயபுரம் டோல்கேட்டில் எங்களுக்கு முன்னால் ஏழு வண்டி. வேனுக்குள் பதினான்கு பெண்களும் உட்கார்ந்தபடியே காலுறை மாட்டினார்கள். கோல்கீப்பர் பெண் மட்டும் என் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மைதானத்துக்குள் ஓடும்போது ஒன்பது பன்னிரண்டு.

அதோடு போகவில்லை. வியாபாரி கோச்சைத் தனியே கூப்பிட்டார். நானும் பக்கத்தில் போனேன்.

"இன்னிக்கு எம் மண்டகப்படி. எங்க வூட்டுப் புள்ள முன்னாடி நிக்க வேணாமா? கோல் அடிக்கிற எடத்துல நிறுத்துங்க."

கோச் என்னைப் பார்த்தார். அந்த எட்டாயிரத்து எண்ணூறு அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. வியாபாரிக்கு என்ன பதில் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறது? அதே பையில்தானே என் துண்டுத்தாளும் ஒரு வாரம் இருந்தது.

தம்பி மகள் இதைக் கேட்டுவிட்டாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "பெரியப்பா, நான் பின்னாடி நிக்கிறவ. முன்னாடி போனா எனக்கு ஒண்ணும் தெரியாது. மானம் போயிரும். நீங்க பேசாம அந்தப் பூவ எடுங்க, பந்து உருள மாட்டேங்குது."

வியாபாரி பூவை எடுத்தார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. தம்பி மகள் பின்னால் நின்று ஒரு பந்தைக் கோல் வாயிலிருந்து திருப்பியபோது, மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

திரும்பும் வழியில் கோச் என்னிடம், "ஐயா, சாமி காத்திருக்கும். ரெஃபரி காத்திருக்க மாட்டாரு" என்றார். அன்று மாலையே பட்டியலின் அடியில் இரண்டு வரி சேர்த்தேன். வேன் நேரத்துக்குக் கிளம்பும், யாருக்காகவும் நிற்காது. யார் எங்கே ஆடுவது என்பது கோச்சின் முடிவு. அதன் கீழே முதல் கையெழுத்து போட்டவர் வெங்காய வியாபாரிதான்.

ஆறாவது ஞாயிறை என்னோடு பழகிய அரியலூர் லாரி டிரைவர்கள் எடுத்தார்கள். ஒருவர் போனில், "கணக்கு சார், எத்தன டன் கோலு போட்டாங்க?" என்று கேட்டார். ஏழாவதை நானும் இன்னும் மூன்று பெற்றோரும். எட்டாவதை, சண்டையெல்லாம் முடிந்து, பைனான்ஸ்காரர் எடுத்துக்கொண்டார். கோப்பைக்குக் கொடுத்திருந்த முன்பணத்தை அதற்காகத் திரும்ப வாங்கி வந்தார்.

ஏழாவது ஞாயிறு திரும்பி வரும்போது, பாடாலூரில் கோல்கீப்பரின் அம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள்.

"ஐயா, கடைசி நாளு சாப்பாடு எங்களது. எழுதிக்கங்க."

"சாப்பாடு மட்டும் ஆயிரத்து ஐந்நூறு ஆகும்மா" என்றேன். எனக்குப் பயம். மூவாயிரத்து இருநூறு இல்லாமல்தானே மகளை நிறுத்தினார்.

"பணமா யாரு தரேன்னா? பதினெட்டு பேரு இருக்கோம். ஆக்கிக் கொண்டாறோம்."

"யார் பேர்ல எழுதுறது?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "வெங்காயப் பட்டறப் பொம்பளைங்கன்னு எழுதுங்க. பேரெல்லாம் எழுதுனா ஒங்க தாளு பத்தாது."

கடைசி ஞாயிறு மைதானத்துக்கு வெளியே ஒரு மினிலாரி வந்து நின்றது. பதினெட்டு பேரும் இறங்கினார்கள். எங்கள் வேனுக்கு எட்டு நிமிடம் முன்பே வந்துவிட்டார்கள் என்பதை இங்கே குறிக்க வேண்டும். இரண்டு பெரிய அண்டா. முழுச் சின்ன வெங்காயம் மிதக்கும் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு, அவித்த முட்டை. பெண்கள், கோச், டிரைவர் என்று நான் சொன்னது பதினாறு பேருக்கு. அவர்கள் ஆக்கியது அறுபது பேருக்கு. ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பெண்கள், அவர்கள் கோச், ரெஃபரி வரை உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஐம்பத்தேழு தட்டு.

ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம், எங்கள் பக்கம். கடைசி நிமிடத்தில் எதிரணியின் உயரமான பெண் ஒருத்தி அடித்த பந்தை எங்கள் குட்டை கோல்கீப்பர் விழுந்து பிடித்தாள். பிடித்த பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எழுந்திருக்கவேயில்லை. அடிபட்டுவிட்டதோ என்று பயந்தேன். அடி இல்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். பதினேழு பெண்கள் எழுப்பிய குலவையில் ரெஃபரியின் விசில் கேட்கவில்லை. அந்த அம்மா மட்டும் குலவையிடவில்லை. பக்கத்தில் நின்ற எதிரணித் தாய் ஒருவர், "யாருங்க அந்தப் பொண்ணு?" என்று கேட்டதற்கு, "எம் பொண்ணு. சாப்பாடும் எங்களதுதான், இன்னொரு கரண்டி வச்சுக்கங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் பேத்தி அன்று இருபத்தொரு நிமிடம். ஒரு பந்தை முகத்தால் தடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டுதான். எட்டு ஆட்டத்திலும் சேர்த்து நூற்று நாற்பத்தொன்பது நிமிடம். வகுக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஏழாவது ஞாயிறுக்கு நான் கொடுத்த இரண்டாயிரத்து இருநூறை இதில் சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அது பதினான்கு பேருக்கும் கொடுத்தது. சேர்த்தால் ஒரு விடை, விட்டால் ஒரு விடை. இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன். பேத்தி கேட்கவில்லை.

போன வாரம் செட்டிகுளத்திலிருந்து போன் வந்தது. அடுத்த வருடம் சாப்பாடு மட்டும் போதாது, ஒரு முழு ஞாயிறு வேண்டும் என்றார் அந்த அம்மா. பதினெட்டு பேரும் வாரம் பத்து ரூபாய் போட்டு வருகிறார்களாம். வேன் வாடகை ஏறுவதால் அடுத்த வருடம் ஒரு ஞாயிறு ஒன்பதாயிரத்து நானூறு ஆகும் என்று நான் கணக்கிட்டு வைத்திருந்தேன். வாரம் நூற்றெண்பது, ஐம்பத்திரண்டு வாரம், ஒன்பதாயிரத்து முந்நூற்று அறுபது.

"நாப்பது ரூவா கொறயுதும்மா" என்றேன்.

"ஐயோ ஐயா! ஒரு கிலோ வெங்காயம் எடுத்துக்கங்க, சரியாப் போச்சு. மொதல்ல எழுதுங்க."

எழுதிவிட்டேன். அடுத்த வருடம் அந்த நேரத்தில் கிலோ வெங்காயம் நாற்பதுக்கு விற்குமா என்பதுதான் இப்போது என் கவலை.